புள்ளி வட்டம்

செப்டம்பர் ஞாயிறு, முதல் பீரியட்,
சோஹாரில் எங்கள் பள்ளி.
பலகை இருந்த இடத்தில்
நான்கு திருகாணி ஓட்டைகள்,
அவற்றை மறைத்து ஒரு பெரிய கண்ணாடி.
தொட்டால் எழுதுமாம்.
தொட்டேன்.
அணைந்துவிட்டது.

மஸ்கட்டிலிருந்து வந்த பயிற்சியாளர்
இரண்டு மணி நேரத்தில் இருபத்தாறு முறை
ரொம்ப ஈஸி என்றார்.
எண்ணியது நான்தான்.
எனக்குப் புரிந்தது அந்த எண்ணிக்கை மட்டும்தான்.

ஆங்கிலத்தில் எழுதினால்
என் பெயர் பன்றியிறைச்சியில் தொடங்கும்.
பள்ளி இணையத்தின் வடிகட்டி
மூன்று நாள் என்னை உள்ளே விடவில்லை.
பத்தொன்பது வருடமாக இந்த ஊரில்
மீன்கடைக்காரர், வாடகைக்காரர், விசா அலுவலகம்
யாரும் முகம் சுளிக்காத பெயர்.
முதலில் சுளித்தது ஒரு மென்பொருள்.

வீட்டில்,
அலுமினிய ஆலையின் இரவு ஷிஃப்டுக்கு அவர் போனபின்
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி.
கடவுச்சொல் தவறு.
கடவுச்சொல் தவறு.
இத்தனை காலம் அடுத்தவர் தாளில்
சிவப்பு மையில் எழுதியவளுக்கு
இப்போது சிவப்பில் வருகிறது பதில்.
ஒன்றரை மணிக்குத் திறந்தது.
திறந்ததை யாரிடம் சொல்வது.
ஏசியிடம் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்புக்குத் தொகைநிலைத் தொடர்.
உருபு உள்ளே ஒளிந்துகொள்ள
இரண்டு சொல் ஒன்றாய் நிற்பது தொகை.
எடுத்துக்காட்டு தேட நேரமில்லாமல்
என் பெயரையே போட்டிருந்தேன்:
பொன் போன்ற கொடி,
பொற்கொடி,
உவமைத்தொகை.

கண்ணாடியில் ஏறியதும்
தொகை பிரிந்துபோனது.
பகரம் ஓர் ஓரமாய்த் தனியே நிற்க
அதன் கொம்பும் காலும்
தள்ளிப் போய் நின்றன.
நடுவே, ஆள் எழுந்துபோன இருக்கை மாதிரி,
புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்.
ககரத்துக்கும் அதே கதி.

"மிஸ், அது என்ன எழுத்து?"
கேட்டவன் ரெக்ஸன்.
இருநூற்று நாற்பத்தேழில் சேராதது என்றேன்.
சிரித்தார்கள்.
ஹுதா பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை,
நோட்டில் அதை வரைந்துகொண்டிருந்தாள்,
புள்ளிகளை எண்ணி எண்ணி.

புகார்ச் சீட்டு எண் நானூற்றுப் பன்னிரண்டு.
ஏணியோடு வந்தார் மிஜானுர்,
நோவாகாலிக்காரர்.
அவருக்கு ஓர் இந்தி, எனக்கு ஓர் இந்தி,
இரண்டையும் கூட்டினால்
முழுசாக ஒன்று தேறாது.
ஏணி தேவைப்படவில்லை.
வட்டத்தைப் பார்த்ததும்
பழைய கடன்காரனைக் கண்டவர் போல
தலையை ஆட்டினார்.
என் சிவப்புப் பேனாவை வாங்கி
புகார்ச் சீட்டின் பின்புறம் எழுதினார்,
வங்காளத்தில், ஓர் எழுத்து.
'கோ' என்றார்.

எனக்குத் தெரியாத எழுத்துதான்.
ஆனால் முன்னால் ஒரு கொம்பு,
பின்னால் ஒரு கால்,
நடுவில் யாரோ ஒருவர்
பத்திரமாக.

எங்களுக்கும் இப்படித்தான் உடையும், மேடம்.
அப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.
பென்டிரைவிலிருந்து எதையோ இறக்கி
எதையோ அழித்து, அணைத்து, போட்டு
நாற்பது நிமிடம்.
இந்த முறை பக்கத்தில் நின்று
ஒவ்வொரு பொத்தானையும்
தமிழில் எழுதிக்கொண்டேன்,
பேப்பரில்.

வந்தது என் பெயர்.
கைகால் ஒட்டி.
கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.
அதை உற்றுப் பார்த்து
இரண்டு விரல் காட்டினார்,
இரண்டு கொம்பு.

செவ்வாய்க்கிழமை மறுபடி அணைந்தது.
நான் ஏணியைக் கூப்பிடவில்லை.
மூன்றாவது பொத்தான், பிறகு ஏழாவது.
வகுப்பு கைதட்டியது,
கொஞ்சம் கிண்டலாகத்தான்.

நோட்டுகள் திருத்துகிறேன்.
ஹுதாவின் நாற்பதாம் பக்கத்தில்
அந்த வட்டம், பதினொரு புள்ளி,
என் பெயருக்கு நடுவே.
அடிக்கக் கை வரவில்லை.
சரி போடவும் முடியாது.
கீழே தேதி மட்டும் போட்டேன்.